நந்தியாவட்டைப் போத்து

எங்கள் கிராமத்து வீட்டை விற்பதென்று தீர்மானமாயிற்று. பித்தளைப் பாத்திரங்களையும் பழைய பெட்டிகளையும் பங்கிட்டுக் கொள்வதில் சிரமம் ஒன்றும் ஏற்படவில்லை. கிணற்றடியில் நின்ற அடுக்கு நந்தியாவட்டையைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா புதுப்பெண்ணாய் அவ்வீட்டிற்கு வந்த வருஷம் வைத்த செடி அது. இத்தனை காலத்தில் ஒரு காய் காய்த்ததில்லை; ஆகையால் விதைக்கு வழியில்லை. வீட்டை வாங்குகிறவரோ இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டப் போகிறார்.

"செடியைப் பெயர்த்துக் கொண்டு போக முடியுமாடா?" என்று அம்மா கேட்டாள். முடியாதென்று சொல்லிவிட்டேன். வேரோடு போகாவிட்டால் என்ன, கிளையாகப் போகலாமே என்பது பிறகுதான் தோன்றிற்று. வருஷந்தோறும் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது! முருங்கைப் போத்து நடாத வீடு நம் நாட்டில் உண்டா?

முதல் தடவை சித்திரை வெயிலில் பத்துப் போத்துக்கள் வைத்தேன். பத்தாம் நாள் துளிர் விட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வேரைப் பார்க்கும் ஆசையில் ஒன்றைப் பிடுங்கினேன், வேர் இல்லை. சந்தேகத்தில் மற்றவற்றையும் பிடுங்கிப் பார்த்தேன். பத்தும் பட்டுப் போயின. தண்டில் சேமித்து வைத்த உணவைக் கொண்டே துளிர் வரலாம். துளிர் கண்டதால் வேர் விட்டதென்று அர்த்தமில்லை. இது எனக்குக் கிடைத்த முதற் பாடம்.

தை மாதத்தில் பத்திரப் பதிவு. ஐப்பசி மழையை விட்டால் வேறு தருணம் இல்லை. இரண்டாம் தடவை செய்த முறை இது:

மிக இளசாகவும் இல்லாமல், மிக முற்றலாகவும் இல்லாமல், பென்ஸில் கனமுள்ள கிளையாகப் பார்த்துக் காலை வேளையில் வெட்டினேன். ஒவ்வொரு போத்தும் ஆறு அங்குலம். மூன்று நான்கு கணுக்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்வெட்டு நேராக. வடிந்த பாலைக் கழுவினேன். உச்சியில் இரண்டு இலைகளை மட்டும் பாதியாக நறுக்கி விட்டு, மற்றவற்றைக் கிள்ளி எறிந்தேன். வேரில்லாத கிளைக்கு நீரை உறிஞ்சச் சக்தி குறைவு. இலை அதிகமானால் இருக்கிற ஈரமும் ஆவியாய்ப் போய்விடும்.

கழுவிய ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி கலந்து தொட்டியில் நிரப்பி, குச்சியால் குழி செய்து, இரண்டு கணுக்கள் புதையும்படி நட்டு இறுக்கினேன். எரு போடவில்லை. நிழலில் வைத்து, அடி நறுக்கிய கண்ணாடிப் புட்டிகளால் மூடினேன். மணல் ஈரமாயிருக்கலாம், சேறாகக் கூடாது, சேறானால் அடி அழுகும்.

கிளை வேர் விடும் ரகசியம் என்ன? துளிரிலும் இளம் இலையிலும் உண்டாகும் ஆக்ஸின் என்ற பொருள் தண்டின் வழியே கீழே இறங்கி, வெட்டுவாயில் தேங்கி, அங்கே வேரைப் பிறப்பிக்கிறது. 1928-ல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுக்களைக் கொண்டு இப்பொருளைப் பிரித்துக் காட்டினார். 1935-ல் அமெரிக்காவில் ஜிம்மர்மனும் வில்காக்ஸனும் இன்டோல் ப்யூட்டிரிக் அமிலத்திற்கும் வேர் விடுவிக்கும் வல்லமை உண்டென்று கண்டார்கள். இன்று நர்ஸரியில் விற்கும் வேர்ப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே. அதில்லாமலே செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி முதலியவை வேர் விடும். அரளி மட்டும் முழுச் செடியும் விஷம். தொட்ட கையை நன்றாய்க் கழுவவேண்டும். குழந்தைகளும் மாடும் அணுகாத இடத்தில் வைக்கவேண்டும்.

ஆறு வாரம் கையைக் கட்டிக் கொண்டிருந்தேன். பிறகு ஒரு போத்தை மெள்ள அசைத்துப் பார்த்தேன். மணலைப் பற்றிக் கொண்டு வர மறுத்தது. பன்னிரண்டில் ஏழு பிழைத்தன. சகோதரிகளுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்திற்கு ஒன்று. மூன்று எங்கள் வாசலில்.

கிராமத்து வீடு இப்பொழுது இல்லை, கிணற்றையும் மூடிவிட்டார்கள். ஆனியில் எங்கள் வாசற் செடி முதற் பூ பூத்தது. அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்து, "அதே பூதான்" என்றாள். தாவர சாஸ்திரமும் அதைத்தான் சொல்கிறது. போத்திலிருந்து வந்தது தாய்ச் செடியின் குழந்தையன்று, தாய்ச் செடியே.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒரு செடி இருக்குமாயின், இந்த மழைக்காலத்தைத் தவற விடாதீர்கள்.