ஓலை வராவிடின் மடியும் கலங்கள்

கோழி முட்டையினுள்ளே குஞ்சு உருவாகும்போது, அதன் காலை இயக்குவதற்கென முண்ணாணிலே தோன்றும் நரம்புக் கலங்களுட் பாதியளவு, குஞ்சு பொரிக்கு முன்னரே மடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு நோயுமில்லை, காயமுமில்லை. இயற்கை இத்தனை கலங்களைப் படைப்பானேன், பின்னர் அவற்றையே பலி கொள்வானேன்? இக்கேள்விக்கு விடை காணப் புறப்பட்டவர் ஒரு பெண்மணி; அவருடைய ஆய்வுகூடமோ அவரது படுக்கையறை!

றீற்றா லெவி மொந்தால்சினி என்பது அவர் பெயர். இத்தாலியின் தூரின் நகரில், 1909ஆம் ஆண்டில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். வைத்தியப் படிப்பை முடித்து ஆராய்ச்சியில் இறங்கியிருந்த வேளையில், 1938இல், யூதர்களைப் பல்கலைக்கழகங்களினின்றும் விலக்கும் சட்டங்களை முசோலினியின் அரசு கொண்டுவந்தது. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. படுக்கையறையில் ஒரு நுணுக்குக்காட்டியை வைத்தார். தையலூசிகளைத் தீட்டிச் சத்திர ஆயுதங்களாக்கினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் நாட்டுப்புறத்துக்குப் பெயர்ந்தபோது, வீடு வீடாகச் சென்று, சேவலுடன் வளரும் கோழிகளின் முட்டைகளே தம் குழந்தைகளுக்குச் சத்தானவை என்று சொல்லி வாங்கினாராம். மணமாகாத அவருக்கு ஏது குழந்தைகள் என்று எவரும் வினவவில்லை போலும்!

முளையத்தின் கால் அரும்பும்போதே அதனை வெட்டியெடுத்துவிட்டால், அக்காலுக்குரிய நரம்புக் கலங்கள் அருகிவிடுகின்றன. ஜேர்மனியரான விக்டர் ஹாம்பேர்கர் 1934இல் சிறகரும்பை வெட்டி இதையொத்த விளைவைக் கண்டு, அக்கலங்கள் உருவாகவேயில்லை என்று கருதினார். றீற்றாவோ வெவ்வேறு நாள் வளர்ச்சியுள்ள முளையங்களை எடுத்துப் பார்த்தார். கலங்கள் உருவாகின்றன, வளர்ந்து இழை நீட்டுகின்றன, ஆனால் சென்று சேருமிடத்தில் ஏதோ ஒன்று கிடையாமையால் மடிகின்றன எனத் துணிந்தார். போர் முடிந்தபின், 1947இல், ஹாம்பேர்கரின் அழைப்பையேற்று அமெரிக்காவின் சென். லூயி நகருக்குச் சென்றார். தம் கருத்தை மறுத்தவரையே அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் பெருந்தன்மை எல்லாப் பேராசிரியருக்கும் வாய்ப்பதன்று.

அந்த 'ஏதோ ஒன்று' யாது? எலியின் புற்றுக் கட்டியொன்று நரம்பிழைகளை அளவுகடந்து வளரச் செய்வதை அறிந்த றீற்றா, 1952இல் கட்டியுள்ள எலிகளுடன் விமானமேறிப் பிரேசிலின் ரியோ நகருக்குப் போனார். அங்கே கண்ணாடிக் கலனில் நரம்புத் திரளொன்றைக் கட்டித் துண்டுக்கு அருகே, அதனைத் தொடாதவாறு வைத்தபோது, ஒரே நாளில் சூரியக் கதிர்கள்போல இழைகள் பரந்தன. கட்டியிலிருந்து கசிந்த ஒரு பொருளே அதனைச் செய்தது. இரசாயன அறிஞர் ஸ்டான்லி கோஹென் அது ஒரு புரதம் எனக் காட்டினார். சோதனைக்காக அவர் சேர்த்த பாம்பு நஞ்சிலே, கட்டியிலிருந்ததைவிடப் பன்மடங்கு அதிகமாக அப்பொருள் இருந்தது எதிர்பாராத பேறு. 'நரம்பு வளர்ச்சிக் காரணி' எனும் அப்புரதத்தை முறியடிக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றியபோது, பரிவு நரம்புத் திரள்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோயின. 1986இல் றீற்றாவும் கோஹெனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஹாம்பேர்கருக்கு அதிற் பங்கில்லாமற் போனது குறையே.

நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலே இக்காரணியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. காரணி வந்து பொருந்தியதும், 'வாழ்க' என்னும் ஓலை நீண்ட இழைவழியே கலத்தின் உடலுக்குச் செல்கிறது. சேருமிடத்திற் கிடைக்கும் காரணியோ சொற்பம். அதனைப் பெற்ற கலங்கள் நிலைக்கின்றன, பெறாதவை ஒழிகின்றன. வேறுவகை நரம்புக் கலங்களுக்கு வேறு காரணிகள் உண்டு.

ஓலை நின்றதும் கலம் பட்டினியாற் சாகிறது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1988இல் அதே சென். லூயி நகரில் நடந்த ஒரு பரிசோதனை இவ்வெண்ணத்தை மாற்றியது. காரணியை நீக்கிய கலங்களிலே புதுப் புரதம் உண்டாவதையும் மருந்தினால் தடுத்தார்கள். சாக வேண்டிய கலங்கள் பிழைத்துக்கொண்டன! அப்படியாயின் சாவு என்பது கலம் தானே முனைந்து செய்யும் வேலையன்றோ? ஓலை வரும்வரை அவ்வேலை தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நின்றதும், இழைமணிகளிலிருந்து சைற்றோகுறோம் என்னும் புரதம் கசிகிறது; உறங்கிக் கிடந்த நொதியங்கள் விழித்துக் கலத்தின் புரதங்களை வெட்டுகின்றன; கருவிலுள்ள டீ.என்.ஏ. துண்டாகிறது. கலம் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரிய, அயற் கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. சீழுமில்லை, வீக்கமுமில்லை. இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'அப்பொப்ரோசிஸ்' என 1972இல் இதற்குப் பெயரிட்டனர்.

நரம்புக்கு மட்டும் உரியதன்று இவ்வியல்பு. ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பியிலுள்ள கலங்கள் ஆண் ஓமோனின் ஓலையை நம்பி வாழ்பவை. அவ்வோமோனைக் குறைத்தால் அச்சுரப்பியில் எழும் புற்றுநோயும் சுருங்கும் என்று சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இற் காட்டி, 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அச்சிகிச்சை கையாளப்படுகிறது. ஆயினும் பரவிய நோயுடையோர் பலரில், சில காலம் அடங்கியிருந்த புற்று மீண்டும் தலைதூக்குகின்றது. சொற்ப ஓமோனையே போதுமாக்கிக் கொண்டோ, ஏற்பியை மாற்றி ஓலையின்றியே வாழப் பழகியோ சில கலங்கள் எஞ்சிவிடுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே அப்போது வளர்பவை.