அயல்நாட்டில் மாணவராயிருத்தல்: போன்ஹோபரின் நியூயார்க் ஆண்டு

மேற்படிப்பிற்காக அயல்நாடு செல்லும் மாணவருக்கு நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரைகள் பயணச்சீட்டு, கம்பளியாடை, உணவு, பணம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. இவை தேவையே. ஆயினும் வேற்று நாட்டு இறையியல் கல்லூரியில் ஓராண்டு தங்கும் ஒருவர் அங்கு எவ்வாறு காலூன்றுகிறார், எதைப் பெற்றுத் திரும்புகிறார் என்னும் வினா இவற்றினும் ஆழமானது. இதற்கு விடை காணும் நோக்குடன், டீட்ரிக் போன்ஹோபர் நியூயார்க்கில் மாணவராய்க் கழித்த 1930-31ஆம் கல்வியாண்டை ஈண்டு ஆராய்வோம்.

1. நீதிபதியாக வந்தவர்

1930 செப்டம்பரில் யூனியன் இறையியல் கல்லூரிக்கு வந்தபோது போன்ஹோபருக்கு வயது 24. இருபத்தோராம் வயதிலேயே பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்குரிய தகுதி ஆய்வையும் முடித்திருந்தார். 25 வயது நிறையாதவருக்குக் குருப்பட்டம் அளிக்க அவருடைய திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. அந்த இடைவேளையில், சுலோன் உதவித்தொகை பெற்று அவர் அமெரிக்கா சென்றார்.

கல்வியில் உடன் மாணவர் பலரை விஞ்சி நின்ற அவர், தொடக்கத்தில் மாணவராக அன்று, நீதிபதியாகவே நடந்துகொண்டார் எனலாம். இங்கு இறையியலே இல்லை என்று தாயகத்திற்கு எழுதினார். பாவத்தையும் மன்னிப்பையும் பற்றிய லூத்தரின் சொற்கள் வாசிக்கப்பட்டபோது மாணவர் சிலர் நகைத்தது அவரைப் புண்படுத்தியது. நகரின் ஆலயங்களில் நற்செய்தியைத் தவிர ஏனைய யாவும் அருளுரைப் பொருளாயின என்று அவர் குறை கண்டார். ஜான் பெய்லியின் கருத்தரங்கில் கார்ல் பார்த்தின் இறையியலை எடுத்து விளக்கி, தம் நிலையை உறுதியுடன் நிறுவினார்.

அவருடைய தீர்ப்பு முற்றிலும் தவறன்று. ஆனால் அவர் அத்தீர்ப்போடு நின்றுவிடவில்லை. ரெயினால்ட் நீபரின் வகுப்பில் அமர்ந்தார். கறுப்பின எழுத்தாளரின் நூல்களைப் படித்தார். குறைகளை எண்ணியதோடு தம் பெட்டியைக் கட்டியிருப்பாராயின், அவ்வாண்டு வரலாற்றில் இடம்பெற்றிராது.

2. விடுதியின் திறந்த கதவு

ஜெர்மானிய மாணவர் பெரும்பாலும் தனி அறையில் தனித்துப் பயில்பவர். யூனியனிலோ அறைக் கதவுகள் திறந்திருந்தன. நடைகளில் எதிர்ப்படுவோரெல்லாம் வாழ்த்துக் கூறினர். இக்கூட்டுறவு ஒருவருக்கொருவர் உதவும் மனத்தை வளர்க்கிறது என்று போன்ஹோபர் தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். அதே வேளையில், உண்மையும் தோழமையும் மோதுமிடத்து இம்மாணவர் தோழமையையே தெரிந்துகொள்கின்றனர் என்றும் எச்சரித்தார். பிறரது வழக்கத்தில் நன்மையையும் தீங்கையும் ஒருங்கே காணும் இந்நேர்மை பயிலத்தக்கது. பின்னர் 1935இல் அவர் தலைமையேற்ற குருத்துவக் கல்லூரி கூட்டு வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு இவ்வனுபவம் மட்டுமே காரணம் என நாம் கூறவில்லை. எனினும் இதற்கும் அதில் பங்குண்டு என எண்ணுகிறோம்.

3. ஹார்லம் தந்த செவி

கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் இருந்தது. அலபாமாவிலிருந்து வந்த கறுப்பின மாணவர் ஃபிராங்க் ஃபிஷர் போன்ஹோபரை அங்குள்ள அபிசீனியன் பாப்திஸ்து ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். ஆடம் கிளேட்டன் பவல் என்னும் மூத்த போதகர் அங்கு ஊழியம் செய்துவந்தார். பெரிய ஆலயங்களில் தேடிக் காணாத பாவமும் கிருபையும் பற்றிய நற்செய்தியைப் போன்ஹோபர் இங்கே கேட்டார். கேட்பவராக வந்தவர், அங்கு ஞாயிறு பள்ளி வகுப்பு நடத்துபவராகவும் ஆனார். அம்மக்களின் ஆன்மீகப் பாடல்களின் இசைத்தட்டுகளைத் தாயகத்திற்குக் கொண்டு சென்று, பிற்காலத்தில் தம் மாணவருக்குப் போட்டுக் காட்டினார்.

முனைவர் பட்டம் பெற்றவருக்கு இறையியல் கிடைத்த இடம் விரிவுரைக் கூடத்தைவிட, ஒடுக்கப்பட்டோரின் வழிபாடாகவே இருந்தது என்பதைக் கருத்தில் கொள்வோமாக.

4. பகைநாட்டு நண்பர்

பிரான்சிலிருந்து வந்திருந்த ஜான் லசேர் மற்றொரு நண்பர். முதல் உலகப் போரில், 1918இல், போன்ஹோபரின் அண்ணன் வால்ட்டர் களத்தில் உயிரிழந்தார். பிரெஞ்சு மக்கள் அவர் குடும்பத்திற்குப் பகைவராயிருந்தவர்கள். இவ்விருவரும் அப்போரைக் காட்டும் திரைப்படம் ஒன்றைச் சேர்ந்து கண்டனர். பிரெஞ்சு வீரர் கொல்லப்படும் காட்சிகளில் அரங்கிலிருந்தோர் சிரித்ததைக் கண்டு லசேர் கலங்கினார். போன்ஹோபர் அவரைத் தேற்ற முயன்றார். மலைப்பிரசங்கத்தைச் செயலுக்குரிய கட்டளையாக ஏற்றவர் லசேர். 1931இல் இருவரும் பழைய மோட்டார் வண்டியொன்றில் மெக்சிகோ வரை பயணம் செய்து, அங்கே சமாதானம் குறித்துச் சேர்ந்து பேசினர். 1937இல் மலைப்பிரசங்கத்தை நடுவாக வைத்துச் சீடத்துவத்தைப் பற்றிப் போன்ஹோபர் நூல் வெளியிட்டபோது, இந்நட்பின் கனியை உலகம் கண்டது.

5. திரும்பியவர் கண்ட தாயகம்

1931இல் அவருடைய அண்ணன் கார்ல் பிரீட்ரிக் ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்க நிறவேற்றுமையோடு ஒப்பிடுகையில் ஜெர்மனியின் யூதர் பிரச்சினை அற்பமானது என்பது அவர் கருத்து. இரண்டே ஆண்டுகளில் அக்கருத்து பொய்த்தது. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதரை ஒதுக்கும் சட்டங்களை எதிர்த்துத் திருச்சபை என் செய்ய வேண்டும் என்று போன்ஹோபர் எழுதினார்: சக்கரத்தின் கீழ் நசுங்கியோருக்குக் கட்டுப் போடுவது மட்டும் போதாது, சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டி வரலாம் என்பதே அவர் கூறியதன் கருத்து. ஹார்லத்தில் பிறர் நாட்டு அநீதியைக் கண்ட கண், தன் நாட்டு அநீதியைக் காணத் தயங்கவில்லை. 1939இல் மீண்டும் நியூயார்க் சென்று பாதுகாப்பாகத் தங்க வாய்ப்பிருந்தும், ஏறத்தாழ ஒரு மாதத்தில் திரும்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

6. நமக்குரிய படிப்பினை

அயல்நாடு சென்று திரும்புவோரில் இருவகையினரை நாம் காண்கிறோம். ஒருவர் அங்குள்ள யாவற்றையும் பழித்து, ஒன்றும் கற்காது வருகிறார். மற்றொருவர் இங்குள்ள யாவற்றையும் பழிக்கக் கற்று வருகிறார். போன்ஹோபர் இவ்விரு வழியிலும் செல்லவில்லை. ஆதலால் புறப்படும் மாணவருக்கு நாம் மூன்று கூறுவோம். தீர்ப்பைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். அந்நகரில் எளியோர் வழிபடும் ஆலயத்தைத் தேடி, பார்வையாளராக அன்றி, ஊழியம் செய்பவராகச் சேருங்கள். உங்கள் மக்களோடு பகையுள்ள மக்களில் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அங்கே நிறவேற்றுமையைக் கண்டு மனம் வெதும்பிய நாம், நம் சபைகளில் சாதி வேற்றுமையைக் காணும்போது வாய்திறக்கிறோமா? இவ்வினாவிற்கு நேர்மையாக விடையளிக்காதவரை, நாம் கொண்டுவரும் பட்டம் சுவரில் மாட்டும் தாளாகவே இருக்கும்.

சிறையிருப்பினருக்கு எரேமியா எழுதிய கடிதம் (எரே. 29) அந்நிய நகரின் நலனை நாடுமாறு பணித்தது. அந்நிய நகரின் நலனை நாடக் கற்றவரே தம் சொந்த நகரின் நலனை அஞ்சாது நாடுவர்.