வலது போக இடது திருப்பு

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பேரனுக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டதாம். மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம் என்று கிளம்பியவரை மருமகள், "அதெல்லாம் பழசு மாமா, இப்ப பேலன்ஸ் பைக்தான்" என்று நிறுத்திவிட்டாராம். பெடல் இல்லாமல், காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டி அது. கடைக்காரரிடம் கேட்டால் இரண்டுமே மூளை வளர்ச்சிக்கு நல்லது என்கிறாராம். எதைத்தான் வாங்குவது?

கடைக்காரரின் பதிலை முதலில் ஒதுக்கிவிடலாம். குழந்தைக்கென்று விற்கிற எதுவும் இப்போது மூளையை வளர்க்காமல் இருப்பதில்லை. கிலுகிலுப்பை வளர்க்கிறது, பாய் வளர்க்கிறது, பாட்டுப் பாடும் பித்தானும் வளர்க்கிறது. ஓடியாடினால் குழந்தைக்கு நல்லது என்பது உண்மை. அதற்கு வாசலில் ஒரு நாய்க்குட்டி போதும்.

வயது விஷயத்தில் ஓரளவு தெளிவு உண்டு. குழந்தை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வளர்ச்சி அட்டவணையில் மூன்று வயதுக்கு நேராக 'மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும்' என்று வெகுகாலமாக இருந்துவருகிறது. ஒன்றரை வயதுக்கு நேராக அல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் அந்த வரியே காணாமல் போய்விட்டது. வீட்டில் சைக்கிளே இல்லாத பிள்ளையை இதை வைத்து எப்படி அளப்பது என்று எனக்கும் நெடுநாளாகச் சந்தேகம்தான்.

மூன்று வயதுவரை ஏன் ஓட்ட வருவதில்லை? பெரியவர்கள் மறந்துபோன ஒரு சிக்கல் அதில் இருக்கிறது. குழந்தையின் வண்டியில் சங்கிலி கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் பூட்டியிருக்கும். திருப்புவதும் அதே சக்கரத்தைத்தான். வலது காலால் முன்னோக்கி உதைத்தால் சக்கரத்தின் வலப்பக்கம் முன்னே தள்ளப்பட்டு ஹேண்டில்பார் இடது பக்கம் திரும்பப் பார்க்கும். இடது காலால் உதைத்தால் வலது பக்கம். கால் செய்கிற ஒவ்வொரு குறும்பையும் கை உடனுக்குடன் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் நிற்கும்போது நேர் கீழே எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. அப்போது பிள்ளை பின்பக்கமாக ஒரு மிதி மிதிக்கும், வண்டி பின்னால் போகும். நாம் சிரிப்போம். உண்மையில் அது சரியான பொறியியல் முடிவு.

ஆக, மூன்று சக்கர சைக்கிளில் பிள்ளை கற்றுக்கொள்வது பெடல் மிதிக்க. இங்கேதான் என் தகராறு. பெடல் மிதிப்பதா சைக்கிள்?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். வாடகை சைக்கிள் எடுத்து, இருக்கையில் உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாமல், நடுக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள் அவர்கள். பெடலை முழுச் சுற்று சுற்றவே முடியாது. அரைச் சுற்று கீழே, அரைச் சுற்று மேலே. உடம்பு முழுக்க இடது பக்கம் தொங்கும், அதை ஈடுகட்ட சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்த எடை மையம் டயர் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர்மேலே இருக்கும். ஒழுங்காக மிதிக்கவே வராத பையன் தெருமுனைவரை விழாமல் போய்வந்தான் என்றால், சைக்கிள் ஓட்டுவது என்பது மிதிப்பதில் இல்லை என்றுதானே அர்த்தம்.

அப்படியானால் எதில் இருக்கிறது? வீட்டில் பூந்துடைப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக, பூ மேலே இருக்கும்படி, கைப்பிடி நுனியை உள்ளங்கையில் நிறுத்துங்கள். துடைப்பம் வலது பக்கம் சாய்கிறதா, கையை வலது பக்கம் நகர்த்துகிறீர்கள். அடிப்பாகம் மேல்பாகத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் விழாது. சைக்கிளும் இதையேதான் செய்கிறது. வலது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பிச் சக்கரங்களை உங்களுக்குக் கீழே கொண்டுவருகிறீர்கள். நின்றுவிட்ட சைக்கிளில் சக்கரத்தை அப்படி நகர்த்த வழியில்லை. அதனால்தான் விழுகிறீர்கள்.

இனி அந்தத் துடைப்பத்தோடு வலது பக்கம் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை நேராக வலது பக்கம் இழுத்தால் துடைப்பம் இடது பக்கம் சரிந்துவிடும். முதலில் கையை இடது பக்கம் ஒரு சின்னத் தட்டு தட்ட வேண்டும். துடைப்பம் வலது பக்கம் சாயும். சாய்ந்த பிறகு அதைத் துரத்திக்கொண்டு வலது பக்கம் நடக்கலாம். சைக்கிளில் வலது பக்கம் திரும்புவதும் அச்சு அசல் இப்படித்தான். ஹேண்டில்பார் கண நேரம் இடது பக்கம் போகிறது, சக்கரம் உடம்புக்கு அடியிலிருந்து இடப்புறம் விலகுகிறது, உடம்பு வலது பக்கம் சாய்கிறது, அதன்பின்தான் ஹேண்டில்பார் வலது பக்கம் வருகிறது. நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தவரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். விமானம் செய்வதற்கு முன்பே டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பில் முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் தினமும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

துடைப்பத்தை இன்னும் விடுவதாக இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு ஒட்டடைக் கம்பை நிறுத்திப் பாருங்கள். நீளமாக இருந்தும் எளிதாக நிற்கிறது. உயரமானது மெதுவாக விழும், குட்டையானது சட்டென்று விழும். எடை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள பெரியவர் சைக்கிளில் சாயத் தொடங்கினால், அந்தச் சாய்வு மூன்று மடங்கை நெருங்க ஏறக்குறைய 0.32 விநாடி ஆகும். அரை மீட்டர் உயர எடை மையமுள்ள குழந்தைக்கு 0.23 விநாடிதான். குறைந்த அவகாசத்தில் அதிக வேலை. வீட்டிலேயே பேலன்ஸ் செய்யக் கடினமான துடைப்பம் நம் பேரன்தான். அவன் பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் தாத்தா என்ன செய்கிறார்? துடைப்பத்தின் உச்சியை இன்னொருவர் பிடித்திருப்பது போல, சாயவே விடாமல் வைத்திருக்கிறார். சைடு வீல் பூட்டுவது துடைப்பத்தை ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பது. மூன்று சக்கர சைக்கிளோ துடைப்பத்தை மூலையில் சாத்திவைப்பது. மூலையில் சாத்திய துடைப்பம் வருடக்கணக்கில் விழாது, உள்ளங்கையில் நிற்கவும் கற்றுக்கொள்ளாது.

சுழலும் சக்கரம் பம்பரம் போல நிமிர்ந்து நிற்கும், அதனால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று பள்ளியில் சொல்லித்தந்திருப்பார்கள். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரம் பூட்டி அந்தப் பம்பர விளைவை ரத்து செய்து பார்த்தார். சைக்கிளை ஓட்ட எந்தத் தடையும் இல்லை. 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகக்காரர்கள் பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரத்தின் சாய்வமைப்பு தரும் உதவியும் இல்லாமல் ஒரு வண்டி செய்து தள்ளிவிட்டார்கள். ஆளே இல்லாமல் அது தானாக நிமிர்ந்து ஓடியது. குழந்தையின் சின்னச் சக்கரமும் நடை வேகமும் பம்பரக் கதைக்குச் சுத்தமாக ஒத்துவராது. சாய்ந்த பக்கம் திரும்புவதே சூட்சுமம்.

மூன்று சக்கரத்தில் திரும்பும் முறையே தலைகீழ். அது சாயாது. வலது பக்கம் போக வலது பக்கமே திருப்ப வேண்டும், திருப்பியதும் உடம்பு இடது பக்கம் வீசப்படும். பிள்ளையின் கை அங்கே பழகுவது இரண்டு சக்கரத்தில் நேர் எதிராகச் செய்ய வேண்டிய காரியம். இதனால் பின்னால் சைக்கிள் வராமலே போகும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். மூன்று சக்கரத்தில் உருண்டவர்கள்தான் நம்மில் பலரும். அதிகம் போனால் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மூன்று சக்கரம் விழாது என்பது நின்றிருக்கும்போது மட்டும். ஒரு சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரங்களுக்கு நடுவே 40 செ.மீ., முன்னுக்கும் பின்னுக்கும் 50 செ.மீ., பிள்ளையோடு சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், பின் அச்சிலிருந்து 15 செ.மீ. முன்னால். வண்டி தரையில் வரையும் முக்கோணம் முன்னே போகப் போகக் குறுகும். எடை மையம் இருக்கும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு மிச்சமிருப்பது 14 செ.மீ.தான். இந்தக் கணக்குப்படி ஒரு மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டினால் கவிழத் தொடங்கும். அரை மீட்டர் வளைவென்றால் நாலரை கிலோமீட்டர் போதும், அது பெரியவரின் சாதாரண நடை. குஷியில் பிள்ளை முன்னால் குனிந்தால் எடை முக்கோணத்தின் குறுகிய பகுதிக்கு நகர்ந்துவிடும், இன்னும் சீக்கிரம் கவிழும். வாசலில் கார் ஏற்றக் கட்டிய சாய்தளத்தில் பிரேக்கும் இல்லாத வண்டி, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பெடலில் கால் வைக்கவும் முடியாமல் இறங்கினால் அந்த வேகம் இரண்டே நொடியில் வந்துவிடும். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 2012, 2013 இரண்டு ஆண்டுகளில் மூன்று சக்கர சைக்கிளால் அடிபட்டு வந்த குழந்தைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதில் அதிகம் பேர் இரண்டு வயதுக்காரர்கள், அதிகம் அடிபட்டது தலை.

சரித்திரம் இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக ஒரு பத்தி. 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இரு சக்கர வண்டிக்குப் பெடலே இல்லை, தரையை உந்தித்தான் ஓட்டினார். இன்று புதுமை என்று விற்கும் பேலன்ஸ் பைக் அதுவேதான். மூன்று சக்கரத்துக்கும் பெருமை இல்லாமல் இல்லை. வளைவில் இரண்டு சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் பல்சக்கர அமைப்பை 1877-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி தன் மூன்று சக்கர சைக்கிளில் கொண்டுவந்தார், அதன் வாரிசுதான் கார்களில் இருக்கிறது. பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டும் குழந்தைகள் வருகிறார்கள். அதற்காக டிரைசிக்கிளைக் கண்டுபிடித்தவன் தமிழன் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அதில் ஏறி மிதித்ததாகப் புலவர் சொல்லவில்லை.

மருமகள் கட்சிக்கும் முழு வெற்றி கொடுக்க மனமில்லை. பேலன்ஸ் பைக்கில் பழகிய பிள்ளைகள் சைடு வீல் போட்டுப் பழகியவர்களைவிட முன்னதாக சைக்கிள் கற்றார்கள் என்று போர்ச்சுகலில் ஒரு கேள்வித்தாள் ஆய்வு சொன்னது. ஆனால் அது எப்போது கற்றீர்கள் என்று நினைவைக் கிளறிக் கேட்ட கணக்கு. ஆசைப்பட்டுப் பேலன்ஸ் பைக் வாங்கும் பெற்றோர் எதையும் சீக்கிரமே தொடங்குகிறவர்களாகவும் இருக்கலாம். எனக்கு அந்த வண்டியின்மேல் நம்பிக்கை வருவது புள்ளிவிவரத்தால் அல்ல, துடைப்பத்தால். கால் இரண்டும் தரையில் இருப்பதால் சாய்வதற்குப் பயமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தூக்கித் தானே சாய்ந்து, தானே திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். 0.23 விநாடிக்குள் கை தவறினாலும் கால் இருக்கிறது.

ஆகவே தஞ்சாவூர் தாத்தாவுக்கு: இப்போது எதுவும் வேண்டாம். ஒன்றரை வயதில் மூன்று சக்கர சைக்கிள் வாங்கினால், பின்னால் நீண்ட கைப்பிடியை நீங்கள் தள்ள, அவன் சும்மா திரும்பும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது குடை வைத்த தள்ளுவண்டி, விலை மட்டும் சைக்கிள் விலை. மாலையில் காற்று வாங்க அப்படியொன்று வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், சைக்கிள் பயிற்சி என்று மட்டும் கணக்கு எழுதாதீர்கள். மூன்று வயதில் அவனே கேட்டால், இருக்கை தாழ்வாகவும் பின்சக்கரங்கள் அகலமாகவும் உள்ளதாகப் பார்த்து வாங்கிச் சமதரையில் ஓட விடலாம், தலைக்கவசத்தோடு. விளையாட்டுச் சாமானாக அதற்கு நிகரில்லை. பின்னால் இன்னொரு பிள்ளை நிற்க இடமுண்டு, கூடையில் கல் ஏற்றலாம், குப்புறப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி மாவு அரைக்கலாம்.

சைக்கிள் கற்பதுதான் நோக்கம் என்றால், பேலன்ஸ் பைக் என்று தனியாகச் செலவழிக்கவும் அவசியமில்லை. 12 அங்குலச் சக்கரம் உள்ள குட்டி சைக்கிள் வாங்கி, சைடு வீலைக் கழற்றி, பெடல் இரண்டையும் கழற்றி, இருக்கையை அடிவரை இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும். படவில்லை என்றால் படும்வரை காத்திருங்கள். பெடல் போனாலும் அது பூட்டியிருந்த இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும், கெண்டைக்காலில் இடிக்கும். சைக்கிள் கடையில் அதையும் கழற்றித் தருவார்கள். பெடலை மட்டும் வீட்டிலேயே கழற்றுவதானால் ஒரு விஷயம்: வலது பெடல் எல்லாத் திருகுகளையும் போல இடஞ்சுழியில் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ். அதை வலஞ்சுழியில் சுற்ற வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகிப்போகும், ஸ்பானரை நீட்டிப் பிடித்து அழுத்தினால் மரையே போய்விடும்.