அகழாய்வுக் களமும் அச்சமற்ற சூழலும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்கிறோம். அலைவுகளை எண்ணும்போது தவறு நேர்ந்தால் கவலையில்லை. ஊசலை நிறுத்தி, மீண்டும் ஆட்டிவிட்டு எண்ணலாம். தொல்லியலாருக்கு இந்த வசதி கிடையாது. பல நூற்றாண்டுகளாக அசையாமல் கிடந்த ஒரு மண்ணடுக்கை ஒரே ஒரு முறைதான் தோண்ட முடியும். தோண்டியதும் அது கலைந்துவிடுகிறது. எனவேதான் குழியில் கிடைக்கும் சிறு பானையோட்டுக்குக்கூடக் குழி எண், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதிப் பையில் இடுகிறார்கள். அன்றன்று நடந்ததை அன்றன்றே குறிப்பேட்டில் பதிகிறார்கள்.

மண்ணின் மீது இவ்வளவு அக்கறை காட்டிய இத்துறை, அந்த மண்ணில் நின்று வேலை செய்யும் மனிதர்கள் மீது நெடுங்காலம் அதே அக்கறையைக் காட்டவில்லை. களப்பணிக்குச் சென்ற மாணவியர் பலர் அங்கே பாலியல் தொல்லைக்கு ஆளாயினர். வெளியே சொன்னவர் சிலர். சொல்லாமலே துறையை விட்டு விலகியவரும் உண்டு. பேசக் கூச்சமான பொருள்தான். ஆயினும், நோயைப் பற்றிப் பேசாமல் மருந்து காண முடியாதல்லவா?

முகாம் வாழ்க்கை

தொல்லியல் படிக்கும் மாணவர்கள் அகழாய்வு முகாமில் பயிற்சி பெறுவது வழக்கம். ஊருக்கு வெளியே கூடாரத்திலோ வாடகை வீட்டிலோ தங்கல். சில வாரங்கள் அங்கேயே உண்டு, உறங்கி, வேலை செய்ய வேண்டும். யார் எந்தக் குழியில் வேலை செய்வது, வண்டி எப்போது ஊருக்குள் போவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் முகாமின் தலைவர். மதிப்பெண் போடுபவரும் பல சமயங்களில் அவரே. நாளை வேலை தேடும்போது பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவரும் அவரே.

கல்லூரியில் ஒருவர் தவறாக நடந்தால், முதல்வர் அறை நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. மாலையில் வீடு திரும்பினால் தாயிடம் சொல்லலாம். முகாமில் இவை எதுவும் இல்லை. அதிகாரம் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து, உதவி எல்லாம் தொலைவில் இருக்கும் நிலை அது.

பாலியல் தொல்லை என்பது உடலைத் தொடுவது மட்டுமன்று. மற்றவர் விரும்பாத நிலையில் பாலியல் பொருள்படப் பேசுவது, உடலைக் குறித்துக் கேலி செய்வது, ஆபாசப் படம் காட்டுவது, 'என் விருப்பத்துக்கு இணங்கினால் மதிப்பெண்' என்று பேரம் பேசுவது ஆகிய யாவும் தொல்லையே. செய்தவர் 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று கூறுவதால் அது விளையாட்டாகி விடாது.

அளந்து பார்த்தனர்

நெடுநாள் வரை இவையெல்லாம் கூடாரத்துக்குள் கிசுகிசுக்கப்பட்ட கதைகளாகவே இருந்தன. அமெரிக்க மானிடவியலார் கேத்ரின் கிளான்சியும் அவருடைய தோழியர் ராபின் நெல்சன், ஜூலியன் ரதர்போர்டு, கேட்டி ஹிண்டே ஆகியோரும் இதை அளந்து பார்க்க முடிவு செய்தனர். தொல்லியல், மானிடவியல், உயிரியல், நிலவியல் போன்ற துறைகளில் களப்பணி செய்தவர்களிடம் இணையத்தின் வழியே வினாப்பட்டியலைச் சேர்ப்பித்தனர். 666 பேர் விடையளித்தனர். முடிவுகள் 2014-ல் வெளியாயின.

விடையளித்தவர்களில் 64 சதவீதத்தினர், களத்தில் தாங்கள் பாலியல் நோக்குடைய தகாத பேச்சுகளுக்கு ஆளானதாகக் கூறினர். பெண்களில் இது 70 சதவீதம். ஆண்களில் 40 சதவீதம். விரும்பாத தொடுகை முதல் வன்முறை வரை உடல்வழித் தொல்லைக்கு ஆளானவர், பெண்களில் நூற்றுக்கு 26 பேர். ஆண்களில் நூற்றுக்கு 6 பேர்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? 'உலகெங்கும் களப்பணி செய்வோரில் 64 சதவீதத்தினர் துன்புறுகின்றனர்' என்று முடிவு கட்டினால் அது தவறு. பள்ளிப் பேருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், பேருந்தைத் தவறவிட்டவரே முதலில் எழுதுவார் அல்லவா? அதுபோல் துன்பப்பட்டவர்கள் கூடுதலாக விடையளித்திருக்கக் கூடும். மறுபுறம், மனம் நொந்து துறையை விட்டே போனவர்களை வினாப்பட்டியல் எட்டாமலும் போயிருக்கலாம். ஆகவே இது துல்லியமான விகிதம் அன்று. ஆனால், 'எங்கோ ஓரிருவருக்கு நேர்ந்த விபத்து' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்பதை இது ஐயமின்றிக் காட்டியது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் கிடைத்தது. களப்பணிக்குக் கிளம்பும் பெண்ணுக்கு வீட்டார் என்ன அறிவுரை கூறுவர்? 'புது ஊர், முன்பின் தெரியாதவர்களிடம் கவனமாக இரு' என்பர். ஆய்வோ வேறொன்றைச் சொன்னது. பெண்களுக்குத் தொல்லை தந்தவர்களில் பெரும்பாலோர் அதே குழுவைச் சேர்ந்த, அவர்களைவிட மூத்த நிலையில் இருந்தவர்கள். ஆண்களுக்கோ பெரும்பாலும் சக நிலையில் உள்ளவர்களே தொல்லை தந்தனர். நாம் கதவைத் தாழிட்டுக் காத்தது வாசலை. ஆபத்து இருந்தது வீட்டுக்குள்ளே!

'உங்கள் முகாமில் நடத்தை விதிகள் இருந்தனவா?' என்று கேட்டதற்கு, இருந்ததாக நினைவுகூர்ந்தவர் 38 சதவீதத்தினரே. பாலியல் தொல்லை குறித்துத் தனி விதி இருந்ததாகச் சொன்னவர் 22 சதவீதத்தினர். புகார் செய்தவர்களிலும் பெரும்பாலோர்க்கு முடிவு மனநிறைவு தரவில்லை.

பதினாறு ஆண்டு மௌனம்

தொல்லியலுக்கு அண்டைத் துறையான நிலவியலிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். 1999-2000 பருவத்தில் அமெரிக்க மாணவி ஒருவர் தம் ஆசிரியருடன் அண்டார்க்டிகாவுக்கு ஆய்வுக்குச் சென்றார். பனிக்கு நடுவே சிறு கூடாரம். அங்கே ஆசிரியர் தம்மைத் தொடர்ந்து இழிவாகப் பேசித் துன்புறுத்தியதாக அவர் முறைப்படி புகார் அளித்தது 2016-ல்தான். அதற்குள் அவர் தாமே ஒரு பல்கலைக்கழகத்தில் நிலையான பேராசிரியர் பதவி பெற்றிருந்தார். பல்கலைக்கழகம் விசாரித்து, தொல்லை நடந்தது உண்மை என்று கண்டது. அந்த ஆசிரியரின் பெயரைத் தாங்கியிருந்த பனியாற்றுக்கு 2018-ல் மட்டடாவா எனப் பெயர் மாற்றினர். 2019-ல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்று கேட்பவர் உண்டு. யாரிடம் சொல்வது? பட்டமும் பரிந்துரையும் யார் கையில் இருந்தனவோ, அவர் மீதே அல்லவா புகார்!

முன்கூட்டியே பூட்டிய பியூஸ்

நம் வீட்டு மின்சுற்றில் பியூஸ் இருக்கிறது. கம்பி எரியத் தொடங்கிய பிறகு பியூஸ் வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. மின் இணைப்புக் கொடுக்கும் முன்பே அதைப் பொருத்திவிடுகிறோம். பழுதான மோட்டாரின் உள்ளேயே அதை நிறுத்தும் ஸ்விட்சை வைத்தால் என்ன ஆகும்? அணைக்கப் போகிறவருக்கே அதிர்ச்சி அடிக்கும். முகாம் தலைவரிடம் மட்டுமே புகார் சொல்லலாம் என்பதும் அப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

கிளான்சி குழுவினர் 26 பேரை விரிவாகப் பேட்டி கண்டு, 2017-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டனர். விதிகள் தெளிவாகச் சொல்லப்பட்டு, மீறியவர் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்ட களங்களில் பணி செய்தவர்களின் அனுபவம் நல்லதாக இருந்தது. விதி இல்லாத களங்களிலும், ஏட்டில் மட்டும் விதி இருந்த களங்களிலும் துன்பம் மிகுந்தது. தொல்லியலார் பார்பரா வாஸ் 2021-ல் எழுதிய கட்டுரைகளிலும் இதையே வலியுறுத்தினார்: தனி மனிதரைக் குறை சொல்வதோடு நில்லாமல், தொல்லைக்கு இடம் தரும் சூழலையே மாற்ற வேண்டும்.

அரசுகளும் மெல்ல விழித்துக்கொண்டன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம், வெளியிடங்களில் ஆய்வு செய்ய நிதி கேட்போர் பாதுகாப்பான பணிச்சூழலுக்கு முன்கூட்டியே திட்டம் வகுக்க வேண்டும் என்று 2023-ல் விதித்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1997-ல் விசாகா வழக்கில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013-ல் தனிச் சட்டமே வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு வேண்டும் என்பது அச்சட்டம். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, களப்பயணமும் கல்விச் சுற்றுலாவும் முகாமும் கல்லூரி வளாகத்தின் நீட்சியே. தொலைவில் தோண்டிய குழியிலும் கல்லூரியின் பொறுப்பு தொடர்கிறது என்பது இதன் பொருள்.

நாம் செய்யக்கூடியது

பள்ளிச் சுற்றுலாவோ, முகாமோ, நாளை அகழாய்வோ, புறப்படும் முன் ஒரு கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: 'ஏதேனும் தொல்லை என்றால் யாரிடம் சொல்வது? அவரிடம் முடியாவிட்டால் வேறு யார்?' இரண்டு பெயர்களாவது விடையாகக் கிடைக்க வேண்டும்.

தொல்லை நேர்ந்தால், தொல்லியலாரின் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், நடந்தது, அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பது விசாரணைக்குத் துணையாகும். எழுதவில்லை என்பதால் புகார் பொய்யாகிவிடாது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் அனைவரையும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசலாம்.

தோழி ஒருத்தி உங்களிடம் சொன்னால், 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள். அவள் வேலை செய்யப் போனாள். யாராவது தகாத கேலி பேசும்போது உடன் சிரிக்காதிருப்பதும், 'இது சரியில்லை' என்று சொல்வதும் மாணவர்களுக்கும் உள்ள கடமை. அச்சத்தோடு குழியில் இறங்குபவரின் கண், மண்ணின் நிற மாற்றத்தைக் கவனிக்குமா, முதுகுப்புறம் வருபவரைக் கவனிக்குமா? அவர் கண்டிருக்க வேண்டிய மண்ணடுக்கை மறுபடி தோண்டிப் பார்க்க நம்மால் இயலாது.