பயோடேட்டாவைச் சலிக்கும் சல்லடை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் பார்த்து முடித்த பின்னர் முதலில் டைப் செய்யப்படும் பைல் பெரும்பாலும் பயோடேட்டாவாகத் தான் இருக்கும். எங்கள் ஆத்தூரிலும் இதே கதை தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், "அண்ணே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று யாராவது பென் டிரைவுடன் வந்து நிற்பார்கள். எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும், எந்தக் கலர் நல்லது என்றெல்லாம் கேட்பார்கள். மறுமுனையில் அதைப் படிப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். முதல் வாரமே நூற்றுக்கணக்கான பயோடேட்டாக்கள் குவிந்துவிடும். மூச்சு முட்டும். எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம் என்று ஒரு சல்லடையைக் கையில் எடுத்தால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தவறான ஆளை எடுத்துவிட்டால் மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். சரியான ஆளைத் தள்ளிவிட்டால் கடைசி வரை தெரியாது. அவர் வேறு எங்கோ நன்றாக வேலை பார்த்துக் கொண்டிருப்பார். அதனால் சல்லடையில் ஓட்டை இருப்பதே இவருக்குத் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் அதையே பயன்படுத்துவார்.

சென்னையின் ஸோஹோ நிறுவனத்திற்கு இது தெரிய வந்த விதம் சுவையானது. 2009 வரை அதன் பெயர் அட்வென்ட்நெட். தொடக்க காலத்தில் பெரிய கல்லூரி மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனவே பெயர் தெரியாத கல்லூரிகளில் படித்தவர்களை எடுத்தார்கள். பின்னர் பார்த்தால், கல்லூரிப் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பே தெரியவில்லை என்கிறார் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. 2000களின் நடுவில், பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல், உதவித் தொகையும் தந்து அவர்களே பயிற்சி அளிக்கத் தொடங்கினர். சல்லடை இல்லாமல் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்ததால் தான் உண்மை வெளியே வந்தது.

சரி, கம்ப்யூட்டரிடமே இந்த வேலையை விட்டுவிட்டால்? அமேசான் முயன்று பார்த்தது. 2014ல் எடின்பரோ நகரில் ஒரு குழு, பயோடேட்டாவைப் படித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் சாப்ட்வேரை உருவாக்கத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் வந்த பயோடேட்டாக்கள் தான் அதற்குப் பாடப் புத்தகம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, "மகளிர் செஸ் கிளப் தலைவி" என்பது போல் மகளிர் என்ற சொல் வந்தாலே மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே தள்ளப்பட்டனர். அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாதபடி திருத்திய பின்னரும், வேறு வழியில் இதே பாகுபாடு வராது என்று உறுதி சொல்ல முடியவில்லை. 2017 தொடக்கத்தில் குழு கலைக்கப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதனை வெளியிட்டது. இதனைக் கொண்டு தன் ஊழியர்கள் யாரையும் மதிப்பிடவில்லை என்றது அமேசான்.

பெண்களை ஒதுக்கும்படி யாரும் அதில் புரோகிராம் எழுதவில்லை. பழைய முடிவுகளைப் பார்த்துக் கற்றுக் கொண்டது, அவ்வளவு தான். திண்டுக்கல்லில் மகளிர் கல்லூரிக்குப் பஸ் ஏறும் எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்தால் எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கிறது.

கடைக்கோ சிறு அலுவலகத்திற்கோ ஆள் எடுப்பவரா நீங்கள்? விண்ணப்பங்களை எக்ஸெலில் வரிசைப்படுத்தி, பெயர், கல்லூரி, மதிப்பெண் உள்ள காலங்களின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் படித்து முடிவெடுத்த பிறகு அன்ஹைட் செய்திடலாம். நிராகரித்தவர்களின் பட்டியலையும் அழிக்க வேண்டாம். அதிலிருந்து கண்ணை மூடிக் கொண்டு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களையும் நேரில் அழைத்துப் பேசுங்கள்.

விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு சோதனை. உங்கள் பயோடேட்டா பைலைத் திறந்து, கண்ட்ரோல்+ஏ, கண்ட்ரோல்+சி கொடுத்து, ஒரு காலி நோட்பேடில் பேஸ்ட் செய்திடவும். பார்டர், படம் எல்லாம் போய்விடும். அங்கு உங்கள் பெயரும் போன் எண்ணும் முறையாக வந்துள்ளனவா எனப் பாருங்கள். வராவிட்டால், சலிக்கும் சாப்ட்வேருக்கும் அவை தெரியாமல் போகலாம்.