நோயிலிருந்து மீண்டாலும் தடுப்பூசி தேவையா?

"கொரோனா வந்து மாறிவிட்டது, இனி ஊசி எதற்கு?" என்று எம்மவர் பலர் கேட்கிறார்கள். இதற்கு எமது கியூபெக்கிலேயே பதில் உண்டு.

2020இல் ஹெமா-கியூபெக் நிறுவனம், நோயிலிருந்து மீண்டவர்களிடம் பிளாஸ்மா என்னும் குருதித் திரவத்தைத் தானமாகப் பெற்றது. பலமுறை தானம் செய்த 15 பேரை ஆராய்ந்தபோது, நான்கு மாதங்களுக்குள்ளேயே எல்லோரிலும் கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் குறைந்திருந்தன.

பொதுவாக, நோய் கடுமையாகத் தாக்கியவர்களிடமே இவை கூடுதலாக இருந்தன. ஆகவே கூடிய அளவு திடகாத்திரத்தின் அடையாளமல்ல. எமது பழக்கங்களில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது புகைத்தல். தடுப்பூசி போட்ட பின்னரும் புகைப்பவர்களில் பிறபொருளெதிரிகள் குறைவாகவே உருவாவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நடைப்பயிற்சி, நல்ல நித்திரை, மரக்கறி உணவு எல்லாம் உடலுக்கு நல்லவையே. இரசமும் மஞ்சளும் குடிக்கலாம். ஆனால் இவை எதுவும் ஊசிக்கு ஈடாகா.

பிறபொருளெதிரிகள் குறைந்தாலும் கிருமியை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் உடலில் தங்கியிருக்கும். எனவே வீண்பயம் வேண்டாம். ஆயினும் வயது முதிர்ந்த, நீரிழிவோ இருதய நோயோ உள்ள எமது பெற்றோருக்கு அந்தப் பாதுகாப்பு மட்டும் போதாமல் போகலாம். குளிர்காலத்துக்கு முன்னரே அவர்களின் ஊசி பற்றிக் குடும்ப வைத்தியரிடமோ மருந்தகத்திலோ விசாரிப்போம். வீட்டில் புகைப்பவர் இருந்தால், அதை நிறுத்த அவருக்குத் துணை நிற்போம்.