சக்கரச் சறுக்கும் உயர்குதி நடையும்

'ஸ்கேட்டிங்' எனப்படும் சக்கரச் சறுக்கு பெங்களூர்ச் சிறாரிடையே பரவியுள்ளது. இதில் பழகிய மாணவி, பின்னாளில் உயர்குதிக் காலணியில் தடுமாறாது நடப்பாளா?

உடலின் சமநிலையைக் காப்பவை கண், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றுமாம். உட்செவியின் அரைவட்டக் குழல்கள், செவிக்கு மூன்றாக அமைந்து, தலையின் சுழற்சியை மூளைக்கு உணர்த்துகின்றன. இவ்வுணர்வு பயிற்சிக்கு இணங்குவது. பெங்களூரில் 1957இல் தொடங்கப்பெற்ற விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையத்தில் விமானிகளைச் சுழலும் கருவிகளில் அமர்த்திப் பழக்குவதும் இதுபற்றியே. சறுக்குவோரும் சுழற்சிக்குப் பழகுகின்றனர்; கால் வழுக்கின், அவர்தம் இடுப்பும் முழங்காலும் விரைந்து வளைந்து உடலை மீட்கின்றன. இவ்வளவும் உயர்குதி நடைக்குத் துணையாகலாம்.

கணுக்காலின் செய்தியோ வேறு. குதி உயருந்தோறும் உடற்பாரம் முன்பாதத்தில் இறங்குகிறது. தரையைத் தொடும் பரப்பும் சுருங்குகிறது. கணுக்கால் மூட்டில் பொருந்தும் எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பது. குதி உயர்ந்த நிலையில் குறுகிய பகுதியே பொருத்தினுள் வருதலால் மூட்டு தளர்ந்து எளிதிற் பிறழ்கிறது. சறுக்குக் காலணி கணுக்காலை இறுகப் பிணித்து இப்பிறழ்ச்சியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே சறுக்குவோர் அந்நிலையில் கணுக்காலை ஆளக் கற்பதில்லை. ஒரு செயலிற் பெற்ற சமநிலைத் திறன் பிறிதொரு செயலுக்குச் சிறிதளவே செல்லும் என்பதும் ஆராய்ச்சியாளர் கண்டதே.

ஆசிரியர் இதனை வகுப்பிலேயே காட்டலாம். மாணவரைச் சுவரருகே ஒற்றைக் காலில் நிறுத்தி, பின்னர்க் குதியை உயர்த்தி நுனிக்காலில் நிற்கச் செய்க. கணுக்கால் நடுங்குவது அனைவர்க்கும் புலப்படும். சறுக்கில் வல்லவரும் தாழ்ந்து அகன்ற குதியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முன்னரே கணுக்கால் சுளுக்கியோர் உயர்குதியைத் தவிர்த்தல் நன்று.